மூலவருக்குச் சந்தனம்

வாருங்கள், உள்ளே வாருங்கள். கம்ப்யூட்டரை எடுத்துப்போக வந்தவர்தானே? என் மனைவி மங்கை சொல்லியிருக்கிறாள். "யாராவது வருவாங்க, பேச்சுக் குடுக்காம வழி விடுங்க" என்றாள். வழி விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் மாவட்ட நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருவர் உள்ளே வருவது வேறு, வந்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போவது வேறு. இரண்டுக்கும் நடுவில் நான் இருந்தேன். "பரஞ்சோதி சார் இருக்கிற வரைக்கும் புத்தகம் பத்திரம்" என்று திண்டுக்கல் முழுக்கச் சொல்வார்கள். படிக்கிறவர்கள்தான் அதைக் கொஞ்சம் சலிப்போடு சொல்வார்கள். அது அவர்கள் சுபாவம்.

அதோ, அதுதான். கண்ணாடிப் பக்கமாகப் பாருங்கள். தொடாமல் பாருங்கள். உள்ளே நீலமும் ஊதாவுமாக மின்னுகிறதே, அது நினைவகம். ராம் என்பார்கள். விளக்கு வைத்த நினைவகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேகமாக இருப்பதெல்லாம் விளக்கோடுதான் வருகிறது. உலகம் அப்படி ஆகிவிட்டது.

இல்லை, நீங்கள் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். நான் சொல்லி முடித்துவிடுகிறேன். போன வாரம் மங்கை இதை ஒரு போட்டோ எடுத்தாள், அதுவும் அணைத்துப்போட்டிருந்தபோது. அதைப் போட்டு விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்திருப்பாள். அந்த விளம்பரத்தைப் பார்த்தா வந்திருக்கிறீர்கள்? அப்படியானால் உங்களுக்கு நல்ல கற்பனை வளம்.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், நான் கொடுப்பதாக இல்லை. காரணம் இருக்கிறது. ஆவணியிலிருந்து என் மனைவி வேலை பார்ப்பது அருள்ராஜ் ஸ்டூடியோவில். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருகிறாள். பகலெல்லாம் இந்த வீட்டில் நானும் இதுவும்தான். இது இந்த மேஜையில் இருக்கிற வரைக்கும் அவள் என்றைக்காவது திரும்பி வந்து இங்கே உட்காருவாள். இதை நீங்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவள் எதற்காக வருவாள்? ஆகவே நீங்கள் பார்க்கலாம், கேட்கலாம், தண்ணீர் குடிக்கலாம். அதோடு சரி.

நடந்ததைச் சொன்னால் நீங்களே என் பக்கம் பேசுவீர்கள்.

மங்கை செய்வது கல்யாண ஆல்பம். படம் எடுப்பது அருள்ராஜ். எடுத்ததைப் பக்கம் பக்கமாக அடுக்குவது, கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளைக்கு வேறு படத்திலிருந்து திறந்த கண் எடுத்து வைப்பது, பந்தியில் கோபித்துக்கொண்டு போன தாய்மாமனை நிச்சயதார்த்தப் படத்திலிருந்து வெட்டி எடுத்துக் குடும்பப் படத்தில் நிறுத்துவது, இதெல்லாம் மங்கை. "கல்யாணத்துல நடந்ததை அருள் எடுப்பான், நடந்திருக்க வேண்டியதை நான் எடுப்பேன்" என்பாள். நல்ல வாக்கியம். என்னோடு இத்தனை வருடம் இருந்ததில் வந்தது.

ஆனி மாதக் கடைசியில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆகவே அவசரம் இல்லை. அருள்ராஜ் வந்து, நின்றபடியே, அவன் எப்போதும் நின்றபடிதான் பேசுவான், "அக்கா, ஆவணி பொறந்துட்டா எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதுக்குள்ள மெஷின் ரெடி பண்ணிருங்க. இல்லைன்னா மதுரையில ஆள் பாக்கணும். தப்பா நினைக்காதீங்க" என்றான்.

"இன்னிக்கே நிஜாம் பாய்க்குப் போன் போட்டுடறேன்" என்று மங்கை போனை எடுத்தாள்.

நிஜாம் பாய் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறவர். என்ன வேலைக்கு என்று சொன்னால் போதும், பாகங்களை அவரே தேர்ந்தெடுத்து, அவரே மாட்டி, வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

"போனை வை" என்றேன். "நாற்பது பக்கக் கட்டுரைத் தொகுப்பு வாங்கவே நாலு மதிப்புரை படிக்கிறவன் நான். கம்ப்யூட்டரை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேனா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கன்னிமாரா நூலகத்துப் பழைய அலமாரியை வாங்கின சமயத்திலும் இப்படித்தான் பார்த்தாள். அது வேறு கதை. அந்த அலமாரி வாசலுக்குள் நுழையவில்லை என்பது உண்மைதான், ஆனால் வாசல் கட்டினது நான் இல்லை.

ஆடி முழுக்கப் படித்தேன். ஆங்கிலத்தில் இருக்கிற மதிப்புரைகளை எல்லாம் படித்தேன். ஜெர்மன்காரன் ஒருவன் மின்விசிறிகளின் சத்தத்தை மட்டும் அளந்துபார்த்து எழுதுகிறான், அவனையும் படித்தேன். செயலி என்று ஒன்று இருக்கிறது, பிராசசர் என்பார்கள், அதுதான் மூளை. அதைத் தாங்குகிற பலகை மதர்போர்டு. நான் தாய்ப்பலகை என்பேன். ஒரு செயலி எல்லாத் தாய்ப்பலகையிலும் உட்காராது. ஜாதகம் மாதிரிதான். செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லையென்றால் மற்ற ஒன்பது இருந்தும் பயன் இல்லை. இதை மங்கைக்கு விளக்கினேன்.

"தாய்ப்பலகையோ பேய்ப்பலகையோ, ஆவணிக்கு ஓடணும்" என்றாள்.

"பொருத்தம் பார்க்காமல் எப்படி ஓடும்?"

"நமக்கு எத்தனை பொருத்தம் பாத்தாங்க?"

"பத்துக்கு ஒன்பது."

"அந்த ஒன்பதும் எங்க போச்சுன்னுதான் நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

அவளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அதை நான் எப்போதும் ஊக்கப்படுத்தி வந்திருக்கிறேன்.

ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒரே பதிப்பகத்தில் எல்லாப் புத்தகத்தையும் வாங்குவீர்களா? தாய்ப்பலகை சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி மதுரையிலிருந்து. இந்தக் கண்ணாடிக் கூட்டை நானே கோயம்புத்தூர் போய் வாங்கி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். டிக்கெட் எடுத்த பிறகு அதற்கு உட்கார உரிமை உண்டல்லவா? தாராபுரத்தில் கூட்டம் ஏறியது. கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது, நான் எழுந்துகொண்டேன். அது ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தது.

எல்லாப் பாகமும் வந்து சேரும்வரை எந்தப் பெட்டியையும் பிரிக்கக் கூடாது என்பது என் கொள்கை. பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் வரிசையாக இருந்தன. மங்கை பெருக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வைத்தாள். கடைசியில் பிரித்தோம். செயலி தாய்ப்பலகையில் பூப்போல உட்கார்ந்தது. நினைவகம்தான் உட்காரவில்லை.

காரணம் சொல்கிறேன். நினைவகத்தில் நாலாம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை என்று இரண்டு இருக்கின்றன. நான் முதலில் பார்த்துவைத்த தாய்ப்பலகை நாலாம் தலைமுறைக்கானது. அதற்கேற்ற நினைவகத்தை முதலிலேயே வாங்கிவிட்டேன். பிறகு இன்னும் ஆழமாகப் படித்ததில் தாய்ப்பலகை பற்றிய என் கருத்து மாறியது. கருத்து மாறியது, நினைவகம் மாறவில்லை. கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன்.

"மேடு இங்க இருக்கு, பள்ளம் அங்க இருக்கு" என்றாள் மங்கை, வெங்காயம் உரித்துக்கொண்டே. "அழுத்தினா உடையும்."

உற்பத்தியாளர்கள் இப்படி வருடத்துக்கு ஒரு முறை பள்ளத்தை நகர்த்தி வைத்தால் வாசகன் என்ன செய்வான்? புது நினைவகத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். ஆடியும் முடியப்போகிறது. "அது வர்ற வரைக்கும் மத்ததையாவது மாட்டி வைங்களேன்" என்றாள்.

"ஆடியில் யாராவது புது வேலை தொடங்குவார்களா?"

"நேத்து வரைக்கும் அதெல்லாம் மூடநம்பிக்கைன்னீங்க."

"நம்பிக்கை வேறு, மரபு வேறு."

"கூரியர் வராதது மரபா?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

ஆவணி பிறந்தது. நினைவகமும் வந்தது. கீழே ஒரு வேட்டியை விரித்து, பாகங்களை எல்லாம் வரிசையாக வைத்து உட்கார்ந்தேன். மங்கை குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் கொண்டுவந்து வைத்தாள். "முடிச்சதும் பெட்டி மேல ஒரு பொட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இங்கேதான் படித்தவனுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பெட்டி மேல் பொட்டு வைப்பது எதற்கு? பெட்டி வெறும் கட்டடம். நாம் கோயிலுக்குப் போனால் மதில் சுவருக்கா சந்தனக் காப்புச் சாத்துகிறோம்? மூலவருக்குத்தானே? இதில் மூலவர் யார்? செயலி. ஆகவே செயலியின் தலையில், அந்த வெள்ளித் தகடு மாதிரி இருக்கிறதே, அதன் நட்டநடுவில், நல்ல தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. செயலி வேலை செய்யச் செய்யச் சூடாகும். அந்தச் சூட்டை இழுப்பதற்காக அதன் மேல் ஒரு பசையைத் தடவி, பசைக்கு மேல் மின்விசிறியை இறுக்கி மாட்டுவார்கள். சந்தனம் குளிர்ச்சியா இல்லையா? சித்திரை வெயிலில் நாம் எதைப் பூசிக்கொள்கிறோம்? கீழே சந்தனம், மேலே பசை, அதற்கு மேல் மின்விசிறி. இந்த ஏற்பாடு எந்த மதிப்புரையிலும் இல்லை. ஜெர்மன்காரனுக்கு இது தோன்றியிருக்கவே முடியாது.

சுவிட்சைப் போட்டேன். ஓடியது! நீலம், ஊதா, பச்சை என்று கூடம் முழுக்க வெளிச்சம். மங்கை கரண்டியோடு வந்து பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் சொன்ன பாராட்டுகளில் அது பெரியது. பெட்டி மேல் பொட்டு இல்லையே என்று கேட்டாள். வைக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறேன் என்றேன்.

அருள்ராஜ் முதல் முகூர்த்தப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். நத்தம் பார்ட்டி. மங்கை உட்கார்ந்தாள். தாய்மாமன் ஒருவர் வழக்கம்போலக் கோபித்துக்கொண்டு போயிருந்தார். அவரை வெட்டி எடுத்தாள், குடும்பத்துக்குள் நிறுத்தப் போனாள், இது பட்டென்று அணைந்துவிட்டது.

மறுபடி போட்டோம். ஓடியது. மறுபடி தாய்மாமனை வெட்டினாள். மறுபடி அணைந்தது.

நான் உட்கார்ந்து பார்த்தேன். என் கையில் சமர்த்தாக ஓடியது. நான் ஒரு மதிப்புரையைத் திறந்து முழுக்கப் படித்தேன், அசையவில்லை. எழுந்து அவளிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. இதிலிருந்து நியாயமாக என்ன முடிவுக்கு வர முடியும்? கோளாறு இயந்திரத்தில் இல்லை. உட்காருகிற ஆளில் இருக்கிறது.

மனித உடம்பில் நிலைமின்சாரம் சேரும், தெரியுமல்லவா? நைலக்ஸ் புடவையில் அது அதிகம். ஆகவே மங்கையைப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். சின்னாளபட்டிச் சுங்குடி, அவளிடம் நிறைய இருக்கிறது. அணைந்தது. வளையலைக் கழற்றச் சொன்னேன். அணைந்தது. சாப்பிட உட்காருகிற மணைப் பலகையைக் காலடியில் போட்டு, அதன் மேல் கால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சுங்குடிப் புடவை, வெறுங்கை, காலடியில் மணை. பார்க்க மணமேடையில் உட்கார்ந்த மாதிரியே இருந்தாள். அதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அணைந்தது.

"நீங்க உக்காந்தா ஓடுது, நான் உக்காந்தா அணையுது. ஏன் தெரியுமா?" என்றாள்.

"அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்."

"நான் வேலை பாக்குறேன். நீங்க வேடிக்கை பாக்குறீங்க. வேலை குடுத்தா அது தாங்கல."

இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு. நான் பொருட்படுத்தவில்லை. மதுரையிலிருந்து வந்த மின்சாரப் பெட்டியைச் சந்தேகித்தேன், வேறு வாங்கினேன். தெருவின் மின்சாரத்தைச் சந்தேகித்தேன், ஸ்டெபிலைசர் வாங்கினேன். மின்வாரியத்துக்கு ஒரு மனு கொடுத்தேன், லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, "சார், தெருவுல வேற யாருக்கும் அணையலையே" என்றார். இணையத்தில் இதற்கென்றே ஒரு சபை இருக்கிறது, அதில் கேட்டேன். பிரேசில்காரன் ஒருவன், பசை சரியாகத் தடவினாயா என்று கேட்டான். என்னைப் பார்த்து! பசைக்கு அடியில் நான் என்ன வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் அப்படிக் கேட்டிருப்பானா? பதில் எழுதவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த டேபிள் ஃபேனை எடுத்து இதன் பக்கம் திருப்பி வைத்தேன். இதற்குக் காற்று, மங்கைக்கு விசிறி.

நத்தத்துக்காரர்கள் அருள்ராஜுக்குப் போன் மேல் போன். அவன் வந்து வாசலில் நின்றான். "அக்கா, என்னக்கா ஆச்சு?"

நான்தான் பதில் சொன்னேன். செயலியில் தொடங்கி, தாய்ப்பலகை வழியாக, பிரேசில் வரைக்கும் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சார், எனக்கு ஆல்பம் போதும் சார்" என்றான்.

இந்தத் தலைமுறைக்கு அறிவு வேண்டாம், முடிவு மட்டும் வேண்டும்.

அவன் போகும்போது மங்கையிடம் மெதுவாகச் சொன்னான், எனக்குக் கேட்டது. "அக்கா, மதுரைக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. கடையில என் மெஷின் பகல்ல சும்மாதான் இருக்கு. நீங்க வந்து உக்காருங்களேன்."

அந்த மெஷின் நிஜாம் பாய் மாட்டியது. பக்கத் தகடு கிடையாது. உள்ளே இருப்பது என்ன தலைமுறை என்று அருள்ராஜுக்கே தெரியாது. நான் கேட்டுப் பார்த்தேன், "கருப்புக் கலர் சார்" என்றான்.

மறுநாள் காலையில் மங்கை சோற்றுப் பாத்திரத்தோடு மவுஸையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். "இது செட்டில் ஆற வரைக்கும்தான்" என்றாள். அவளே சொன்னாள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் அன்றைக்கே குடும்பத்தில் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பழனி என்று ஒன்று மாற்றி ஒன்று. வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டு வருகிறாள். பாட்டு முணுமுணுக்கிறாள். சாயங்காலம் எனக்குப் பப்ஸ் வாங்கி வருகிறாள். பாவம், அலைச்சல். அந்த அலைச்சல் தெரியக் கூடாது என்று சந்தோஷமாக இருப்பதுபோலக் காட்டிக்கொள்கிறாள். எனக்குத் தெரியாதா?

நான் சும்மா இருக்கவில்லை. தினமும் இதைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். செயலியை மட்டும் தொடவில்லை. பிரதிஷ்டை செய்த பிறகு மூலவரை அசைப்பார்களா?

நவராத்திரி வந்தது. இதைக் கொலுப்படிக்குப் பக்கத்தில் விளக்கோடு வைத்தேன். வேலை கொடுக்காமல் வைத்தால் அணையவே இல்லை, கொலு முடியும்வரை ஜொலித்தது. தெருப் பெண்களெல்லாம் செட்டியார் பொம்மையை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள், "இது என்ன சாமி?" என்று கேட்டார். சொன்னேன். சுண்டல் ஆறிப்போய்விட்டது என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தார்களாம். மங்கை அதைப் பார்த்துவிட்டு வந்து, "இதையும் ஒரு தடவை நான் துடைக்கிறேன்" என்று உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் மின்விசிறியைக் கழற்றிவிட்டாள். கழற்றியவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சந்தனம் காய்ந்து, வெடித்து, கருகி, தோசைக்கல்லில் பிடித்த மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"சந்தனம்."

"யாரு வச்சா?"

"நான்தான். நீ சொல்லி எதை நான் தட்டியிருக்கிறேன்?"

அவள் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நடுவில் ஒரு கணம் அது சிரிப்புதானா என்று எனக்குச் சந்தேகமாகக்கூட இருந்தது. என்ன என்று கேட்டேன், கையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் ஈரத்துணியால் சுரண்டித் துடைத்தாள், உலர விட்டாள், பசையை மட்டும் புதிதாக வைத்து மின்விசிறியை மாட்டினாள். மூலவருக்குப் பொட்டு இல்லாமல் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம். மறுநாள் பூஜையில் பெட்டி மேல் அவளே ஒன்று வைத்தாள். அதோ பாருங்கள், மூலையில் இருக்கிறது. அர்த்தமே இல்லாத இடம்.

அன்றிலிருந்து இது ஒரு முறைகூட அணையவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டது, காற்று குளிர்ந்துவிட்டது, ஸ்டெபிலைசரும் வீட்டுக்குப் பழகிவிட்டது. பெரிய இயந்திரங்கள் தன்னிலைக்கு வர ஒரு பருவம் பிடிக்கும். மங்கை ஏதோ சந்தனத்தால்தான் என்று அருள்ராஜிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அவன் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், தோள் மட்டும் குலுங்குகிறது. குலுங்கட்டும். குளிர்ச்சியான ஒரு பொருள் எப்படிச் சூட்டை உண்டாக்கும்? இதற்கு அவனிடம் பதில் உண்டா?

இயந்திரம் சரியாகிவிட்டது. சரி, இனி மங்கை வீட்டில் இருப்பாள் என்று மேஜையைத் துடைத்து வைத்தேன். டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். மணைப் பலகையைக்கூட எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் மவுஸ் பைக்குள் போகிறது.

"இதுதான் ஓடுகிறதே" என்றேன்.

"ஓடட்டும்ங்க."

"இங்கேயே உட்காரேன்."

"அங்க பழகிருச்சு" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. அப்புறம் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து, "சாம்பார் அடுப்புலயே இருக்கு, சூடு பண்ணிக்கங்க" என்றாள்.

அருள்ராஜிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்லக் கூச்சப்படுகிறாள். அதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. கார்த்திகைக்குள் வந்துவிடுவாள். அதுவரைக்கும் இது இங்கே இருந்தாக வேண்டும். இப்போது சொல்லுங்கள், உங்களிடம் நான் இதை எப்படிக் கொடுப்பேன்? நீங்கள் நல்ல மனிதர், இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். ஆனாலும் கொடுக்க முடியாது.

என்ன?

விளம்பரம் பார்த்து வரவில்லையா? பின்னே?

ஆட்டோவா? எந்த ஆட்டோ? கீழே நிற்பது உங்களுடையதா? ஸ்டூடியோவுக்கா? மங்கையா அனுப்பினாள்?

ஐயா, இதை வந்தவுடனேயே சொல்ல மாட்டீர்களா?

அப்படியானால் இது விற்பதற்கே இல்லை. அவளே கேட்டு அனுப்பியிருக்கிறாள்! பார்த்தீர்களா? நல்ல பொருளின் அருமை ஒரு நாள் தெரியத்தான் செய்யும். அங்கே இப்போது அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்களா? அதை என்னிடம் அவள் சொல்லவே இல்லையே. சொல்லியிருப்பாள், நான் ஏதாவது படித்துக்கொண்டிருந்திருப்பேன். இது அந்தப் பெண்களில் ஒருத்திக்கா? இருக்காது. இதை மங்கை தனக்கு வைத்துக்கொண்டு, அந்தக் கருப்புக் கலரை அந்தப் பெண்ணிடம் தள்ளிவிடுவாள். நிச்சயமாக அப்படித்தான்.

போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாளா? போடுங்கள், கேட்கிறேன்.

"அண்ணே, பெட்டியை மட்டும் ஏத்திட்டு வந்துருங்க. சார் கூட வர்றேம்பாரு. வேண்டாம், எப்படியாவது பேசிச் சமாளிச்சு வீட்டுலயே விட்டுட்டு வந்துருங்க."

கேட்டீர்களா? என் முழங்காலை நினைத்துச் சொல்கிறாள். படி ஏறி இறங்கினால் எனக்கு வலிக்கும். அவள் எங்கே இருந்தாலும் எண்ணமெல்லாம் இங்கேதான்.

இதைத் தூக்கிவிட்டால் மேஜை வெறுமையாகிவிடும். இது போன பிறகு அவள் இங்கே உட்கார வரப்போவதில்லை. அது எனக்குப் புரிகிறது, அந்த அளவுக்கு விவரம் இல்லாதவன் இல்லை. ஆனால் பாருங்கள், அங்கே இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? அருள்ராஜா? புதிதாக வந்த பெண்களா? ஒரு சந்தேகம் என்றால் பிரேசிலுக்கா எழுதுவார்கள்? பக்கத்திலேயே தெரிந்த ஆள் ஒருவர் காலையிலிருந்து சாயங்காலம்வரை இருப்பதுதான் முறை. நானாக இதைப் பற்றி மங்கையிடம் கேட்டிருக்க மாட்டேன். அவளே வழி செய்துவிட்டாள்.

பிடியுங்கள், நீங்கள் அந்தப் பக்கம். சாய்க்காதீர்கள். ஒரு நிமிடம், கதவைப் பூட்டிக்கொள்கிறேன். இதை மடியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், மேடு பள்ளம் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் ஸ்டூடியோவுக்குள் போயிருப்பீர்களே, அங்கே நாற்காலி ஏதாவது கூடுதலாக இருக்குமா? இருக்காது, வருகிறவர்கள் உட்காரவே சரியாக இருக்கும். சரி, உள்ளே ஒரு மடக்கு நாற்காலி இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். வண்டியில் அதற்கும் இடம் இருக்கும்தானே?